கை கொடுக்கலாம், கணக்குக் காட்டவேணும்



பேர்ண் பாராளுமன்றம் வருசத்தில் நாலு தரம் கூடுகிறது. ஒவ்வொரு தரமும் மூன்று கிழமை. அந்த நாட்களில் எங்கட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சண்டை தவறாமல் வரும். இடதுசாரி உறுப்பினர் ஒருவர் வலதுசாரிகளோடு சேர்ந்து ஒரு சட்டமூலத்துக்கு 'ஆம்' என்று அமத்தினால், பத்து நிமிசத்துக்குள் "விலைபோயிட்டினம்" என்று செய்தி வரும். அதே ஆள் அடுத்த தரம் 'இல்லை' என்று நின்று, கிடைக்க இருந்த சின்னச் சலுகையும் கைநழுவினால், "சும்மா கத்தி என்ன பிரயோசனம்?" என்று இன்னொருவர் எழுதுவார். கொழும்புப் பாராளுமன்றத்தைப் பற்றிக் கதைத்தாலும் இந்த இரண்டு வசனம்தான் திரும்பத் திரும்ப வருகுது.

இந்த இரண்டு வசனத்திலும் உண்மை இருக்கு. ஆனால் இரண்டுமே ஆளின் குணத்தைப் பற்றித்தான் கதைக்கின்றன: ஒருவர் நேர்மையானவர், மற்றவர் வளைகிறவர். நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கை கொடுக்கிற அந்த ஆளுக்குப் பின்னால், பாராளுமன்றத்துக்கு வெளியே, என்ன பலம் நிற்குது? அந்தப் பலத்துக்கு அவர் கணக்குக் காட்டுகிறாரா? இதற்குப் பதில் தெரியாமல் ஒத்துழைப்பைப் புகழவும் முடியாது, திட்டவும் முடியாது.

இதை விளங்கிக்கொள்ள நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. நாங்கள் பஸ் ஏறி இறங்குகிற இந்த பேர்ண் நகரத்திலேயே ஒரு ஆள் இருந்தார்.

அச்சுக்கோப்பாளர் ஒருவரின் கதை

றொபேர்ட் கிறிம் 1881-இல் சூரிச் மாநிலத்தின் வால்ட் என்ற ஊரில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அச்சுத்தொழில் பழகியவர். 1909-இல் பேர்ணுக்கு வந்து 'பேர்னர் டாக்வாஹ்ட்' என்ற தொழிலாளர் பத்திரிகையின் ஆசிரியர் ஆனார். 1911-இல் முதன்முதல் தேசிய சபைக்குத் தெரிவானார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 செப்டெம்பரில், பேர்ணுக்குப் பக்கத்தில் சிம்மர்வால்ட் என்ற மலைக்கிராமத்தில், போரை எதிர்த்த ஐரோப்பிய சோசலிஸ்டுகளை ஒன்றுகூட்டியவர் இவர்தான். பறவை ஆய்வாளர்களின் கூட்டம் என்று சொல்லித்தான் இடம் எடுத்தார்கள். வந்த 38 பேரில் லெனினும் ஒருவர். லெனினுக்கு கிறிம் மீது பெரிய மதிப்பு இருக்கவில்லை. அரைகுறையான ஆள் என்று பிறகு கடுமையாக விமர்சித்தார். சுவிஸ் முதலாளிகளுக்கோ அவர் நாட்டைக் கவிழ்க்க வந்த ஆபத்தான ஆள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய ஒருவரிடம்தான் எங்கட கேள்விக்குப் பாடம் இருக்கு.

போர்க்காலத்தில் சுவிஸ் தொழிலாளர் வீடுகளில் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. ஆண்கள் எல்லைக் காவலில் இருந்தார்கள். அப்ப சம்பள இழப்பீடு என்று ஒன்றும் கிடையாது. 1918 பெப்ரவரியில் கட்சியும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து 'ஓல்டன் குழு' என்ற நடவடிக்கைக் குழுவை அமைத்தன. அதன் தலைவர் கிறிம். அந்த வசந்த காலத்தில் அரசு பால் விலையைக் கூட்டப் பார்த்தபோது, இந்தக் குழு பொது வேலைநிறுத்தம் வரும் என்று எச்சரித்தது. அதேநேரம் அரசோடு மேசையில் இருந்து கதைத்தது. அரசு ஓரளவு இறங்கி வந்தது. எச்சரிக்கையும் பேச்சுவார்த்தையும் அவர்களுக்கு இரண்டு வழியாக இருக்கவில்லை. எச்சரிக்கை இருந்தபடியால்தான் கதிரை போட்டு இருத்திக் கதைத்தார்கள்.

நவம்பரில் அரசு சூரிச்சுக்கு இராணுவத்தை அனுப்பியது. 12-ஆம் திகதி நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலையை விட்டார்கள், இரயில்கள் நின்றன. ஏறத்தாழ 95,000 படையினர் இறக்கப்பட்டார்கள். குழு வைத்த கோரிக்கைகள் ஒன்பது. விகிதாசார முறைப்படி தேசிய சபைக்கு உடனடித் தேர்தல், பெண்களுக்கு வாக்குரிமை, 48 மணி வேலைவாரம், முதியோருக்கும் அங்கவீனருக்கும் காப்புறுதி, உணவு விநியோக உத்தரவாதம், போர்க்கடனைச் சொத்துள்ளவர்கள் கட்ட வேணும் என்பது எல்லாம் அதில் இருந்தன.

இங்கே கவனிக்க ஒரு விசயம். அதே நாட்களில் பேர்ணில் பாராளுமன்றத்தின் அவசரக் கூட்டமும் நடந்தது. வேலைநிறுத்தத்தின் தலைவர் கிறிம், உறுப்பினர் கிறிம் ஆக அந்தச் சபைக்குள் எழுந்து நின்று இந்தக் கோரிக்கைகளுக்காக வாதாடினார். தெருவில் ஒருவர், சபையில் இன்னொருவர் என்று இருக்கவில்லை. தெருவில் கேட்டதைத்தான் சபையிலும் கேட்டார். சபையில் கிடைத்த பதிலைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்.

அந்தப் பதில் 'இல்லை'. அரசு கெடு விதித்தது. 14-ஆம் திகதி அதிகாலை குழு வேலைநிறுத்தத்தை முடிக்கத் தீர்மானித்தது. அன்றைக்கு கிறென்ஹன் நகரில் மூன்று தொழிலாளர்கள் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தோல்விதான். சூரிச்சின் 'ஃபோல்க்ஸ்றெஹ்ட்' பத்திரிகையின் ஆசிரியர் ஏர்ன்ஸ்ட் நோப்ஸ், இவ்வளவு கேவலமாக ஒரு வேலைநிறுத்தம் சரிந்ததில்லை என்ற கருத்தில், அழாத குறையாக எழுதினார். இன்றைக்கு என்றால் எங்கட குழுவில் "விலைபோயிட்டினம்" என்ற செய்தி வந்திருக்கும். பின்னர் இராணுவ நீதிமன்றம் கிறிமுக்கு ஆறு மாதம் சிறை விதித்தது. நோப்ஸுக்கும் நாலு கிழமை. பிளாங்கன்பூர்க் கோட்டைச் சிறையில் இருந்துகொண்டு கிறிம் சுவிஸ் வரலாற்றை வர்க்கப் போராட்டங்களின் வரலாறாக ஒரு புத்தகம் எழுதினார்.

தோற்ற பிறகு என்ன நடந்தது

1919-இல் தொழிற்சாலைகளில் 48 மணி வேலைவாரம் சட்டமானது. அதே ஆண்டு ஒக்டோபரில் விகிதாசார முறையில் முதல் தேர்தல் நடந்தது. சமூக சனநாயகக் கட்சியின் ஆசனங்கள் 20-இலிருந்து 41 ஆகின. வேலைநிறுத்தத்தைப் படையால் முடித்த அரசு, இன்னொரு வேலைநிறுத்தம் வராமல் இருக்க இவற்றைக் கொடுத்தது. 1924-இல் வேலைவாரத்தை மறுபடி 54 மணியாக நீட்டப் பார்த்தபோது, மக்கள் வாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தார்கள்.

கிறிம் என்ன செய்தார்? 1918-இலிருந்தே பேர்ண் நகர அரசில் ஒரு அங்கத்தவர். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் எல்லாம் அவரின் பொறுப்பு. நாட்டையே நிறுத்தின ஆள் நகரத்துக்கு விளக்கு எரிகிறதைப் பார்த்துக்கொண்டார். 1926-இல் தேசிய சபையின் தலைவர் பதவி முறைப்படி அவருக்கு வரவேண்டியது. வலதுசாரிப் பெரும்பான்மை விடவில்லை. 1938-இல் பேர்ண் மாநில அரசில் நுழைந்த முதல் சோசலிஸ்டுகள் இருவரில் ஒருவர் ஆனார். இரண்டாம் உலகப் போரில், 1918 வேலைநிறுத்தத்துக்காகத் தன்னைச் சிறையில் போட்ட அதே அரசுக்காக, நிலக்கரி, மின்சாரம் போன்றவற்றைப் பங்கிடுகிற பிரிவை நடத்தினார். 1945 இறுதியில் தேசிய சபைத் தலைவர் ஆனார்.

இதைப் பார்த்து "பாத்தீங்களா, கடைசியில அவரும் அடங்கிட்டார்" என்று சொல்லலாம். ஓரளவு சரிதான். ஆனால் இன்னொரு வரிசையையும் பாருங்கோ. முதலாம் போரில் படைக்குப் போன தொழிலாளிக்குச் சம்பளம் இல்லை. இரண்டாம் போரில், 1940-இலிருந்து, சம்பள இழப்பீடு கிடைத்தது. 1943 தேர்தலில் கட்சி 56 ஆசனங்களோடு தேசிய சபையின் மிகப் பெரிய கட்சி ஆனது. அந்த டிசெம்பரில் சமஷ்டி அரசுக்குத் தெரிவான முதல் சோசலிஸ்ட் யார் தெரியுமா? நாலு கிழமை சிறை வாங்கிய, சமரசத்தைப் பார்த்து அழாத குறையாக எழுதிய, அதே ஏர்ன்ஸ்ட் நோப்ஸ். 1947 ஜூலையில் ஆஹாஃபவ், அதாவது முதியோர் ஓய்வூதியச் சட்டம், வாக்கெடுப்பில் 80 வீத ஆதரவோடு வென்றது. 1948 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மிகக் குறைந்த ஓய்வூதியம் மாதம் 40 பிராங். ஒன்பது கோரிக்கைகளில் ஒன்று நிறைவேற முப்பது வருசம் எடுத்தது.

ஆக, கிறிமின் தலைமுறை ஒத்துழைத்தது. ஆனால் எதை வாங்குவதற்காக ஒத்துழைக்கிறார்கள் என்பது 1918-இலேயே தாளில் அச்சடித்து, நாடு முழுக்க ஒட்டப்பட்டிருந்தது. அவர்கள் என்ன கொடுத்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று எந்தத் தொழிலாளியும் அந்தத் தாளைப் பார்த்துக் கணக்குப் போடலாம். அதுதான் வித்தியாசம்.

மறைவாகக் கொடுத்த கை

கிறிம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர் இல்லை. 1917-ஐப் பாருங்கோ. புரட்சி நடந்த பெத்ரோகிராட் நகருக்குப் போயிருந்தார். ரஷ்யாவுக்கும் ஜேர்மனிக்கும் இடையே தனிச் சமாதானம் வர வாய்ப்பு இருக்கா என்று, சுவிஸ் தூதரகத்தின் இரகசியத் தந்தி வழியாக, வெளியுறவுக்குப் பொறுப்பான அமைச்சர் ஆர்தூர் ஹொஃப்மானோடு தொடர்புகொண்டார். ஜூன் மாதம் தந்தி வெளியே வந்தது. ஹொஃப்மான் பதவி விலகினார். கிறிம் ரஷ்யாவிலிருந்து வெளியேற்றப்பட்டார். சிம்மர்வால்ட் இயக்கத்தின் தலைமையையும் விட வேண்டி வந்தது.

அவர் விரும்பியது சமாதானம். இலட்சக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருந்த போரை நிறுத்துவதுதான் அவரின் இயக்கத்தின் நோக்கமே. ஆனால் அவரை நம்பி நின்ற தோழர்கள் யாருக்கும் தெரியாமல், ஒரு முதலாளித்துவ அமைச்சரோடு சேர்ந்து செய்தார். நோக்கம் நல்லது என்றாலும், மறைவாகக் கொடுத்த கை அவரை வெட்டியது. அடுத்த வருசம் ஓல்டன் குழுவில் அவர் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை யோசியுங்கோ. குழுவும் அரசோடு கதைத்ததுதான். ஆனால் அது தொழிலாளர் மாநாடு கொடுத்த ஆணையோடு, எல்லாருக்கும் தெரிய நடந்தது.

மேசையில் இல்லாதவர்கள்

ஒன்பது கோரிக்கைகளில் பெண்கள் வாக்குரிமையும் ஒன்று என்று சொன்னோம். அது கிடைத்தது 1971 பெப்ரவரியில். 53 வருசம்! 1959-இல் ஆண்கள் மட்டும் வாக்களித்து மூன்றில் இரண்டு பங்கு 'இல்லை' சொன்னார்கள். பேச்சுவார்த்தை மேசையில் விட்டுக்கொடுக்கும்போது, மேசையில் இல்லாதவர்களின் கோரிக்கைதான் முதலில் விழும். எந்த ஒத்துழைப்புக்கும் இது பொருந்தும்.

எங்களுக்கு இன்னும் கிட்டவான உதாரணம் இருக்கு. போருக்குப் பிறகு வந்த செழிப்பை இத்தாலியரும் ஸ்பானியரும் உழைத்துக் கட்டினார்கள். பருவகாலத் தொழிலாளர் என்று அனுமதி கொடுத்து, குடும்பத்தைக் கொண்டுவர விடாமல், தகரக் கொட்டில்களில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் தொழிற்சங்கத் தலைமைகளே வெளிநாட்டுத் தொழிலாளரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தக் கேட்டன. முதலாளியோடும் அரசோடும் ஒத்துப்போகிற அந்த மேசையில், வாக்கு இல்லாத தொழிலாளிக்குக் கதிரை இருக்கவில்லை. பருவகால அனுமதி முறை 2002-இல்தான் முற்றாக ஒழிந்தது. எண்பதுகளில் வந்து ஹோட்டல் குசினிகளில் கோப்பை கழுவத் தொடங்கிய எங்கட அப்பாமாரும் மாமாமாரும் அந்த வரிசையின் பின்பக்கத்தில் வந்து நின்றவர்கள்.

வெளியே வரத் தெரிந்தால்தான் உள்ளே மதிப்பு

1953-இல் சமஷ்டி அரசின் ஒரே சோசலிஸ்ட் அமைச்சர் மாக்ஸ் வேபர் (புத்தகம் எழுதின சமூகவியல் அறிஞர் இல்லை, வேறு ஆள்). நிதியமைச்சர். டிசெம்பரில் அவரின் நிதித் திட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். இரண்டு நாளில் அவர் விலகினார். கட்சியும் வேறு ஆளை அனுப்பாமல் எதிர்க்கட்சி ஆனது. ஆறு வருசம் வெளியே நின்றது. 1959-இல் திரும்பி வந்தபோது ஒரு கதிரை இரண்டு கதிரையாக இருந்தது. அந்த இரண்டு இன்றைக்கும் இருக்கு.

1983-இல் கட்சி முன்மொழிந்த லிலியான் உஹ்டன்ஹாகன் என்ற பெண்ணை பாராளுமன்றப் பெரும்பான்மை நிராகரித்து, கட்சி கேட்காத ஒரு ஆணைத் தெரிவு செய்தது. அரசை விட்டு வெளியேறுவதா என்று தீர்மானிக்க 1984 பெப்ரவரியில் பேர்ணில் விசேட மாநாடு கூடியது. தலைவர் ஹெல்முட் ஹூபாஹர் வெளியேறச் சொன்னார். பேராளர்கள் 773-க்கு 511 என்று இருக்கத் தீர்மானித்தார்கள். எது சரி என்று இன்றும் வாதாடலாம். ஆனால் கேள்வியை ஆயிரத்துக்கு மேற்பட்ட பேராளர்களின் முன்னால் வைத்தார்கள். ஒருசில தலைவர்களின் அறையில் முடிக்கவில்லை.

இதோடு சுவிஸில் இன்னொரு ஆயுதம் இருக்கு. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை 100 நாளில் 50,000 கையொப்பம் சேர்த்து மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். சபைக்குள் தோற்றவர் வெளியே வெல்லலாம். 2024-ஐ எடுங்கோ. மார்ச்சில் 13-ஆவது மாத ஓய்வூதியம், அரசும் பாராளுமன்றப் பெரும்பான்மையும் எதிர்த்தும், 58 வீதத்தால் வென்றது. செப்டெம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் ஓய்வூதிய மாற்றத்தை 67 வீதம் பேர் தூக்கி எறிந்தார்கள். இரண்டுக்கும் பின்னால் நின்றவை தொழிற்சங்கங்கள். இது இருக்கிறபடியால்தான் சபைக்குள் இடதுசாரி உறுப்பினர் "இந்தப் பந்தியை மாற்றாட்டி வெளியே சந்திப்போம்" என்று சொன்னால் மற்றவர்கள் காது கொடுக்கிறார்கள்.

இனி கொழும்பு

2015 செப்டெம்பரில் இரா. சம்பந்தன் இலங்கைப் பாராளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 1977-இல் அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த முதல் தமிழர். கூட்டமைப்பிடம் 16 ஆசனங்கள். புதிய அரசியலமைப்பு வரும் என்ற எதிர்பார்ப்பில் அவர் அரசோடு ஒத்துழைத்தார். வரவுசெலவுத் திட்டங்களுக்குக் கூட்டமைப்பு கை உயர்த்தியது. 2016 மார்ச்சில் பாராளுமன்றம் அரசியலமைப்புப் பேரவையாக மாறியது. 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கை வந்தது. அதோடு நின்றது.

அதே 2017-இல் கேப்பாப்புலவில் மக்கள் தங்கட காணிக்காகப் படைமுகாம் வாசலில் இருந்தார்கள். பெப்ரவரி 20-இலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் தெருவோரக் கொட்டிலில் இருந்தார்கள். எதிர்ப்பு இல்லாமல் இருக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் இருந்தது. ஆனால் அந்தக் கொட்டிலுக்கும் கொழும்பில் இருந்த எதிர்க்கட்சித் தலைவரின் கதிரைக்கும் இடையே கயிறு அறுந்து கிடந்தது. அம்மாமாரின் கோரிக்கை வரவுசெலவுத் திட்ட வாக்கின் விலையாக மாறவில்லை. வாக்குக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு அந்தக் கொட்டிலுக்கு வரவில்லை. அதனால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பலவீனப்பட்டது.

2018 ஒக்டோபர் 26-இல் மைத்திரிபால சிறிசேன, ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமர் ஆக்கினார். பாராளுமன்றத்தையும் கலைத்தார். அந்த ஏழு கிழமையில் சம்பந்தன் உறுதியாக நின்றார். கூட்டமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசெம்பர் 12-இல் ரணிலுக்கு ஆதரவான நம்பிக்கைத் தீர்மானம் 117 வாக்கால் வென்றது. அதில் 14 கூட்டமைப்பின் வாக்குகள். கழித்துப் பாருங்கோ: 103. பெரும்பான்மைக்குத் தேவை 113. தமிழ் வாக்குகள் அவ்வளவு தீர்க்கமாக இருந்த நாள் அரிது. அந்த நாளில் மக்கள் முன்னால் வைக்கப்பட்ட நிபந்தனை ஒன்றும் இல்லை. கொள்கைக்காக நின்றோம் என்றார்கள். நின்றதும் உண்மை. ஆனால் அடுத்த வருசம் கோட்டாபய வந்தார். 2020 தேர்தலில் கூட்டமைப்பின் 16, 10 ஆனது.

இதற்குச் சம்பந்தன் தரப்பில் ஒரு பதில் இருக்கு, அதை நாங்கள் மதிக்க வேணும். அன்றைக்கு நிபந்தனை போட்டிருந்தால், "புலிகளோடு ஒப்பந்தம்" என்று மகிந்த தரப்பு தெற்கு முழுக்கக் கூவியிருக்கும். சிங்கள உறுப்பினர்கள் சிலரே பின்வாங்கியிருப்பார்கள். பெரிய கேடு ஒன்றைத் தடுக்கச் சின்னக் கணக்கைப் பார்க்காமல் விட்டார் என்று சொல்லலாம்.

இன்னொரு பதிலும் இருக்கு: சுவிஸ் அரசும் இலங்கை அரசும் ஒன்றா? கிறிமுக்குச் சிறை ஆறு மாதம். எங்கட ஆட்களுக்கு? 1961-இல் தமிழரசுக் கட்சி கச்சேரிகளின் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தது; இராணுவம் வந்தது. 1965-இல் டட்லி–செல்வா ஒப்பந்தம் செய்து அரசில் சேர்ந்தது. மாவட்ட சபைகள் வரவில்லை. 1968-இல் அமைச்சர் திருச்செல்வம் விலகினார். 1977-இல் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்; மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு ஒத்துழைத்தார்; 1981-இல் அந்தத் தேர்தல் நாட்களில்தான் யாழ் நூலகம் எரிந்தது. அதற்குப் பிறகு ஆளும் கட்சி எதிர்க்கட்சித் தலைவருக்கு எதிராகவே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்த கூத்தும் நடந்தது. எதிர்த்தும் பார்த்தாச்சு, சேர்ந்தும் பார்த்தாச்சு. நிரந்தரச் சிறுபான்மைக்குப் பாராளுமன்றக் கணக்கு எப்பவும் தோற்கிற கணக்குத்தான்.

இந்த வாதத்தை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. கொழும்பில் 50,000 கையொப்பத்தோடு ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்கு இழுக்க முடியாது. இழுத்தாலும் இனப் பெரும்பான்மைதான் வெல்லும். ஆனால் இதே வாதத்தின் முடிவைப் பாருங்கோ. உள்ளே பலம் குறைவு என்றால், வெளியே உள்ள பலத்தோடு கட்டிய கயிறு இன்னும் இறுக்கமாக இருக்க வேணும். கிளிநொச்சி அம்மாவுக்கு "இன்றைக்கு நிபந்தனை போட முடியாது, ஏன் என்றால் இது, இதற்குப் பதிலாக மார்ச் மாதத்துக்குள் இதைக் கேட்போம், கிடைக்காட்டி வரவுசெலவுத் திட்டத்தை எதிர்ப்போம்" என்று கொட்டிலுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குச் சிங்களப் பெரும்பான்மையின் அனுமதி தேவையில்லை. நம்பிக்கை வையுங்கள், பொறுத்திருங்கள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கணக்குக் காட்டாத ஒத்துழைப்பு, வென்றிருந்தாலும் யாருடைய வெற்றி என்று தெரியாமல் போயிருக்கும். தோற்றபோது துரோகம் என்று பெயர் வாங்கியது. சம்பந்தன் 2024 ஜூன் 30-இல் காலமானார். அவரைத் துரோகி என்று எழுதிவிட்டுக் கடந்து போவது எங்களுக்குச் சுகம். அதில் படிக்க ஒன்றும் இல்லை.

இங்கே, இப்ப

இதெல்லாம் எங்களுக்கு ஏன்? ஏன் என்றால் இந்தக் கேள்வி எங்கட மேசைக்கும் வந்திருக்கு.

பேர்ண் மாநிலத்தில் கடவுச்சீட்டு இல்லாதவருக்கு வாக்கு இல்லை. உள்ளூராட்சியில் விரும்பினால் வெளிநாட்டவருக்கு வாக்குரிமை கொடுக்கலாம் என்ற யோசனையை மாநில வாக்காளர் 2010 செப்டெம்பரில் பெரிய பெரும்பான்மையால் நிராகரித்தார்கள். நொய்யன்பூர்க் மாநிலத்திலோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உள்ளூராட்சியில் அந்த உரிமை இருந்தது. குடியுரிமைக்கு இன்று பத்து வருசம் வாழ்ந்திருக்க வேணும், 'சே' அனுமதி வேணும், பிறகு மாநிலமும் ஊரும் ஆளுக்கொரு விதி வைக்கும். சமூக உதவி எடுத்திருந்தால் வாசல் கிட்டத்தட்ட அடைபட்டது மாதிரி. ஐந்து வருசம் சட்டப்படி வாழ்ந்தவருக்குக் குடியுரிமை கேட்க உரிமை வேணும் என்ற 'சனநாயக முன்மொழிவு' 2024 நவம்பரில் கையளிக்கப்பட்டது.

இப்படியான முன்மொழிவுகளில் பாராளுமன்றம் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கு: எதிர்-முன்மொழிவு. "நீங்கள் கேட்ட முழுவதும் தரமாட்டோம், பாதி தாறோம், உங்கட முன்மொழிவைத் திரும்ப எடுங்கோ." சிலநேரம் அது நல்ல வியாபாரம். பனியாறுகளைக் காப்பாற்றும் முன்மொழிவுக்காரர் தங்கடதைத் திரும்ப எடுத்து, பாராளுமன்றம் தந்த காலநிலைச் சட்டத்தை ஏற்றார்கள். 2023 ஜூனில் அது 59 வீதத்தால் வென்றது. சிலநேரம் அது ஏமாற்று. குடியுரிமை விசயத்தில் என்றைக்காவது அப்படி ஒரு பேரம் வந்தால், பாதி யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. இங்கே பிறந்து பல்கலைக்கழகம் படித்த எங்களுக்கா? அல்லது முப்பது வருசம் குசினியில் நின்று, ஜேர்மன் பரீட்சை எழுத முடியாமல், முதுகு நொந்து சமூக உதவி எடுத்த எங்கட பெரியம்மாவுக்கா? 1918-இன் ஒன்பது கோரிக்கைகளில் பெண்களுடையது எப்படி 53 வருசம் தள்ளிப்போனது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போகவேணும்.

ஆகவே எங்கட பொங்கல் விழா மேடைக்கு வந்து "வணக்கம்" சொல்லிப் படம் எடுக்கிற வேட்பாளர்களிடம், அவர்கள் எங்கட ஆட்கள் என்றாலும் சரி, பூமாலைக்கு முதல் இவற்றைக் கேட்போம். வலதுசாரிகளோடு சேர்ந்து கை உயர்த்த வேண்டி வந்தால் அதற்கு என்ன விலை கேட்பீர்கள், அதை முன்கூட்டியே எழுதித் தருவீர்களா? எந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழும்பி வருவீர்கள்? ஒவ்வொரு கூட்டத்தொடரும் முடிய, கொடுத்தது என்ன, வாங்கினது என்ன என்று எங்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதுவீர்களா? வாக்கு இல்லாத பெரியம்மாவும் வாசிக்கத்தான்.

கேட்கிற எங்களுக்கும் வேலை இருக்கு. கையொப்பம் சேர்க்கக் குளிரில் நிற்காமல், தொழிற்சங்கத்தில் சேராமல், எங்கட சகோதரர்களையும் சேர்க்காமல் இருந்துகொண்டு, உள்ளே போனவர் வளைந்துவிட்டார் என்று திட்டுவது நியாயம் இல்லை. வெறுங்கையோடு அனுப்பினால் வெறுங்கையோடுதான் வருவார். கிறிமுக்குப் பின்னால் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். நாங்கள் இந்த நாட்டில் ஏறத்தாழ 50,000 பேர். எல்லாரும் வேண்டாம், அடுத்த தரம் பாராளுமன்றம் கூடும்போது புண்டெஸ்பிளாட்ஸில் நூறு பேர் கோரிக்கைத் தாளோடு நின்றால், உள்ளே இருக்கிற எங்கட ஆள் கை கொடுக்கும்போது அந்தக் கைக்கு ஒரு பாரம் இருக்கும்.

அந்தத் தாளில் முதல் வரி என்னவாக இருக்க வேணும்? உங்கட பதிலை இந்த மடலுக்கே மறுமொழியாக எழுதுங்கோ. வருகிற வரிகளைத் தொகுத்து அடுத்த மடலில் வைக்கிறோம். அதில் இருந்து சண்டையைத் தொடங்குவோம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு, பேர்ண்